உப்புக் காற்றும் பழைய இரும்பும்



'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் பழமொழி. மரக்காணத்து உப்பளங்களை அடுத்து வாழும் எங்களைக் கேட்டால், அதனோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வோம்: 'உப்பேறிய இரும்பும் குப்பையிலே!'

பிரம்மதேசம், திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் உள்ள ஊர். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியாது. ஆனால் எங்கள் வட்டாரத்துக்கும் கடலுக்கும் இடையே 2021-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி என்னும் உவர்நீர்ப் பரப்பும், மரக்காணத்து உப்பளங்களும் விரிந்து கிடக்கின்றன. அவற்றைத் தழுவி வரும் காற்று வெறுங்கையோடு வருவதில்லை. சன்னல் கம்பி, கதவின் கீல், கிணற்றுக் கப்பி, தையல் இயந்திரத்தின் சக்கரம் என்று இரும்பாலான எதைத் தொட்டாலும் விரலில் செம்பொடி ஒட்டுகிறது. கடற்கரையோர ஊர்களில் குடியிருக்கும் வாசகர்கள் அனைவருக்கும் இந்த அனுபவம் இருக்கும்.

துருவைத் தேய்த்து எடுக்க எல்லோருக்கும் தெரியும். ஆனால் தேய்த்த இடத்திலேயே ஒரே மாதத்தில் மீண்டும் துரு பூப்பது ஏன்? அதை வீட்டிலேயே, சிறு செலவில், தக்க பாதுகாப்போடு தடுக்க வழி உண்டா? இவ்விரு கேள்விகளுக்கும் நான் கற்றறிந்த விடையை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீராத உப்பு

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் போதும். அப்படியானால் உப்புக்கு இதில் என்ன வேலை? அது இரண்டு வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, ஈரத்தைப் பிடித்து வைப்பது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டினால் சாதாரண உப்பு நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்போடு கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. 33 விழுக்காடே போதும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதை இல்லத்தரசிகள் அறிவார்கள். அதே கசிவுதான் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலமாக இரும்பின் மேல் எந்நேரமும் படிந்திருக்கிறது. அந்த உப்புநீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால் துருப்பிடிக்கும் வேலையும் விரைகிறது.

இரண்டாவதுதான் பெரிய கேடு. உப்பிலுள்ள குளோரைடு, இரும்பின் மேல் சிறு குழிகளைத் தோண்டிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. மேலே துரு மூடிக்கொள்ள, அடியில் அது தன் வேலையைத் தொடர்கிறது. இரும்பைத் தின்பதால் குளோரைடு தீர்ந்துபோவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒரு துகள் இரும்பைக் கரைத்துத் துருவாக்கிவிட்டு, அதே குளோரைடு அடுத்த துகளைத் தொடுகிறது. கூலி கேட்காமல் ஓயாது உழைக்கும் ஆளைப் போன்றது அது.

உப்புத்தாள் கொண்டு தேய்க்கிறோம். கம்பி பிரஷ்ஷால் சுரண்டுகிறோம். மேலேயுள்ள துரு போகிறது. குழியின் அடியில் இருக்கும் உப்பு அங்கேயேதான் இருக்கிறது. அதன் மேல் வண்ணம் பூசினால், திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியது போலாகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பூசிய வண்ணம் கொப்புளித்து உதிர்கிறது.

இந்தக் கேட்டின் வலிமைக்குப் பாம்பன் பாலமே சாட்சி. 1914-இல் திறக்கப்பட்ட அந்த ரயில் பாலம், நூறாண்டுக்கு மேலாகக் கடற்காற்றோடு போராடியது. அதன் இரும்பை ஓயாமல் பராமரிக்க வேண்டியிருந்தது. இறுதியில் 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அரசாங்கமே மல்லுக்கட்டும் எதிரியோடு நம் வீட்டுக் கொட்டகையில் நாம் மோதுகிறோம் என்றால், அதற்கேற்ற அறிவும் நமக்கு வேண்டுமல்லவா?

அருங்காட்சியகம் காட்டிய வழி

அந்த அறிவு நம் தமிழ்நாட்டிலேயே நீண்ட காலமாக இருந்து வருகிறது என்பது பெருமைக்குரிய செய்தி. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-ஆம் ஆண்டில் வேதியியல் பாதுகாப்புக் கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. மண்ணில் புதைந்து கிடந்து எடுக்கப்பட்ட செப்புப் படிமங்கள், காட்சிக்கு வைத்த பிறகும் பச்சைப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தன. அங்கும் குற்றவாளி, உலோகத்துக்குள் புகுந்திருந்த குளோரைடுதான். எஸ். பரமசிவன் என்ற தமிழ் வேதியியலறிஞர் அக்கூடத்தில் அப்படிமங்களை மின்னாற்பகுப்பு முறையில் குணப்படுத்தினார். அதாவது, பொருளை ஒரு கரைசலில் அமிழ்த்தி, அதனூடே மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உள்ளேயிருக்கும் உப்பை வெளியே வரவழைத்தார்.

இம்முறைக்கு அடிப்படையான விதிகளைக் கண்டறிந்தவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழிலில் பயிற்சி பெற்று, பின்னர் உலகம் போற்றும் விஞ்ஞானியாக உயர்ந்தவர். மின்னாற்பகுப்பு பற்றிய அவருடைய விதிகள் 1834-இல் வெளியாயின. இன்று அதே முறையில்தான் அமெரிக்காவில் 'மானிட்டர்' என்ற போர்க்கப்பலின் சுழல் பீரங்கிக் கூண்டைக் காப்பாற்றி வருகிறார்கள். 1862-இல் மூழ்கிய அக்கப்பலின் கூண்டு, 140 ஆண்டுகள் கடலடியில் கிடந்து 2002-இல் வெளியே எடுக்கப்பட்டது. அன்று முதல் அதைக் காரக் கரைசலில் ஊறவைத்தும் மின்சாரம் செலுத்தியும் ஆண்டுக்கணக்கில் உப்பை இறக்குகிறார்கள்.

நம் காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோக அரிமானத்தைப் பற்றி இடைவிடாது ஆராய்ந்து வருகிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்கி அந்நிலையம் அமைய உதவினார். துருவை ஆராய ஒரு கொடையாளர் முன்வந்த மாநிலம் நம்முடையது!

எங்கள் வீட்டுக் கதை

எங்கள் அத்தா, 1980-களில் ஒரு அம்பாசடர் கார் வாங்கினார். நிக்காஹ் முதல் ஆஸ்பத்திரி வரை எங்கள் தெருவின் நல்லது கெட்டதுகளுக்கெல்லாம் ஓடிய வண்டி அது. நள்ளிரவில் கதவைத் தட்டி, "பாய், பிள்ளைக்கு வலி எடுத்துவிட்டது" என்றால், அத்தா சட்டையை மாட்டிக்கொண்டே சாவியை எடுப்பார். அந்தக் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. எனினும் நாங்கள் அதை ஓடும் நிலையில் வைத்திருந்தோம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் கொட்டகையிலும் நீர் புகுந்து இரண்டு நாட்கள் தேங்கி நின்றது. வடிந்த பிறகு பார்த்தால், காரின் அடிப்பாகம் முழுவதும் செம்மண் சுவர் போலிருந்தது.

ஒரு பட்டறையில் சில பாகங்களைக் கொடுத்தோம். அமிலத்தில் கழுவி, வெள்ளி போல் மின்னத் திருப்பித் தந்தார்கள். மூன்றே வாரத்தில் அவை முன்னைவிட மோசமாகச் சிவந்தன. காரணம் எளியது. துரு நீக்க மலிவாகக் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் இருப்பது அதே குளோரைடுதான். அது துருவோடு நல்ல இரும்பையும் அரிக்கும். சரியாகக் கழுவாவிட்டால் குழிகளில் தங்கியும்விடும். "இனி இதைக் காயலான் கடையில் எடைக்குப் போடுவதுதான் வழி" என்று பலரும் சொன்னார்கள்.

அப்போதுதான் பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை மகன், "மாமா, வீட்டிலேயே மின்னாற்பகுப்பு செய்து பார்ப்போமா?" என்று கேட்டான். அத்தாவின் வண்டியை எடைக்குப் போட எனக்கும் மனமில்லை. இருவரும் படித்து, விசாரித்து, ஒவ்வொரு பாகமாகச் செய்து பார்த்தோம். அந்த முறையை இனிச் சொல்கிறேன்.

செய்யும் முறை

வேண்டியவை மிகச் சில. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி அல்லது வாளி, சலவைச் சோடா, சில பழைய இரும்புக் கம்பித் துண்டுகள், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர் ஒன்று. தானாகவே பேட்டரியைச் சோதித்து இயங்கும் புதுவகைச் சார்ஜர்கள் பல, பேட்டரி இல்லாவிட்டால் வேலை செய்யா. ஆம்பியர் காட்டும் முள் வைத்த பழைய வகையே இதற்கு ஏற்றது.

முதலில் பாகத்திலுள்ள கிரீஸையும் சேற்றையும் சோப்பு நீரால் நன்றாகக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் மின்சாரம் வேலை செய்யாது. பிறகு, கம்பியை இணைக்கும் ஓரிடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரியச் செய்ய வேண்டும்.

10 லிட்டர் நீருக்கு 100 கிராம் சலவைச் சோடா கரைத்தால் போதும். ஆப்பச் சோடா வேறு, சலவைச் சோடா வேறு என்பதை மறந்துவிடாதீர்கள். உவர்ப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் தவிர்த்துவிடுங்கள். எந்த உப்பை வெளியேற்ற முனைகிறோமோ, அதையே நாம் ஊற்றியதாகிவிடும். நாங்கள் மொட்டை மாடியில் பிடித்து வைத்த மழைநீரைப் பயன்படுத்தினோம்.

தொட்டியின் சுவரையொட்டி நாற்புறமும் இரும்புக் கம்பித் துண்டுகளை நிறுத்தி, அவற்றை ஒன்றோடொன்று கம்பியால் இணைக்க வேண்டும். சுத்தம் செய்ய வேண்டிய பாகத்தை நடுவில், எதையும் தொடாமல், குறுக்குக் கட்டையிலிருந்து தொங்கவிட வேண்டும். சார்ஜரின் சிவப்பு கிளிப், அதாவது நேர்மின்வாய், சுவரோரக் கம்பிகளுக்கு. கறுப்பு கிளிப், அதாவது எதிர்மின்வாய், நம் பாகத்துக்கு. இதை மாற்றி இணைத்தால் காக்க நினைத்த பாகமே கரைந்துபோகும். 'கொடுப்பது சிவப்பு, காப்பது கறுப்பு' என்று என் மருமகன் தொட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டான்.

எல்லாவற்றையும் இணைத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். முள் 2 முதல் 5 ஆம்பியருக்குள் நின்றால் நன்று. சற்று நேரத்தில் பாகத்தைச் சுற்றி நுண்ணிய குமிழிகள் எழும். நீர் மெல்லச் செம்மை பூணும். சுவரோரக் கம்பிகள் அரிபட்டுச் சேறு பூக்கும். நம் பாகத்துக்காக அவை தம்மைக் கொடுக்கின்றன.

உள்ளே நடப்பது இதுதான். எதிர்மின்வாயில் உள்ள இரும்பு இனித் துருப்பிடிக்க இயலாது. செந்துருவின் ஒரு பகுதி, கறுப்பான தளர்ந்த படலமாக மாறுகிறது. எழும் குமிழிகள் அதை நெகிழ்த்துகின்றன. குளோரைடு எதிர்மின்னேற்றம் கொண்டது; எதிர்மின்வாயான நம் பாகம் அதைத் தள்ள, எதிரேயுள்ள கம்பிகள் இழுக்கின்றன. குழியின் அடியில் பதுங்கியிருந்த உப்பு இப்படித்தான் வெளியேறுகிறது. உப்புத்தாளாலும் அமிலத்தாலும் ஆகாத வேலை இது. கடலோர மக்களுக்கு இம்முறையின் உண்மையான பயன் பளபளப்பில் இல்லை, இந்த உப்பிறக்கத்தில்தான் இருக்கிறது.

ஆறு மணி நேரம் முதல் ஒரு நாள் வரை ஆகலாம். நடுவில் அணைத்துவிட்டுப் பாகத்தைத் திருப்பி வைக்க வேண்டும். கம்பிகளை நோக்கியிருக்கும் பக்கமே நன்றாகச் சுத்தமாகும். நீர் மிகக் கலங்கினால் புதுக் கரைசல் மாற்றி மறுமுறை செய்வது நல்லது. ஒரே முறையில் எல்லா உப்பும் இறங்கிவிடாது. அருங்காட்சியகங்களில் மாதக்கணக்கில் செய்வதை நாம் மணிக்கணக்கில் செய்கிறோம் அல்லவா?

செலவைக் கேட்டால் வியப்பீர்கள். 12 வோல்ட், 4 ஆம்பியர், 10 மணி நேரம் என்றால், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து ஒரு யூனிட்டுக்கும் குறைவான மின்சாரமே செலவாகும்.

எடுத்த பாகத்தை நல்ல நீரில் கழுவிக்கொண்டே பிரஷ்ஷால் தேய்த்தால் கறுப்புப் படலம் போய்விடும். பிறகு கொதிநீர் ஊற்றி, உடனே துடைத்து, வெயிலில் காய வைத்து, சூடு ஆறும் முன்பே ரெட் ஆக்சைடு பூச வேண்டும்; உராயும் பாகமானால் எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டும். இதில் சுணக்கம் கூடாது. எங்கள் ஊர்க் காற்றில் ஒரு லுஹர் தொழுகைக்குப் போய் வருவதற்குள் வெற்று இரும்பு மஞ்சள் பூத்துவிடும்.

கவனம்! கவனம்!

இனிச் சொல்வதைப் படிக்காமல் யாரும் தொட்டியில் கை வைக்க வேண்டாம்.

தொட்டியில் எழும் குமிழி ஹைட்ரஜன் வாயு. 4 ஆம்பியரில் 10 மணி நேரம் செய்தால் சுமார் 18 லிட்டர் ஹைட்ரஜன் உண்டாகும். காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே அது தீப்பற்றக் கூடியது. ஆகவே திறந்த வெளியில் மட்டுமே செய்யுங்கள். அடுப்பங்கரையிலோ மூடிய அறையிலோ கூடவே கூடாது. பீடி, சிகரெட், தீக்குச்சி அருகில் வரக் கூடாது. கிளிப்பைக் கழற்றும் முன் சுவிட்சை அணையுங்கள். தீப்பொறி எழக் கூடாது.

எவர்சில்வர் கரண்டியையோ தட்டையோ சிவப்பு கிளிப்பில் மாட்டாதீர்கள். 'அது துருப்பிடிக்காதே, நீண்ட நாள் வருமே' என்று தோன்றும். ஆனால் அதிலுள்ள குரோமியம் கரைந்து, புற்றுநோயை உண்டாக்கும் நச்சுப் பொருளாக மாறி நீரில் கலக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியும் வேண்டாம். சாதாரண இரும்பே போதும்.

அலுமினியப் பாகங்களைத் தொட்டியில் இடாதீர்கள். காரக் கரைசல் அவற்றைத் தின்றுவிடும். கார்புரேட்டர் போன்ற வார்ப்புகள் இவ்வகையைச் சேர்ந்தவை. வில் பட்டைகள், சுருள் ஸ்பிரிங்குகள், மிகு வலிமை கொண்ட போல்ட்டுகள் ஆகியவற்றுக்கும் இம்முறை ஆகாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, அவற்றை எளிதில் ஒடியும்படி செய்துவிடலாம்.

வீட்டு மின்சாரத்தை நேரடியாகத் தொட்டியில் செலுத்துவது உயிரைப் பறிக்கும் செயல். சார்ஜரை ஈரம் படாத உயரமான இடத்தில் வையுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் சுவிட்ச் உள்ள இணைப்பிலிருந்து மட்டும் எடுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். சிறு பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். வேலை முடிந்த கரைசலைக் கிணற்றருகிலோ செடிகளின் வேரிலோ ஊற்றாதீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று உண்டு. என் மருமகனே ஒரு நாள் கேட்டான்: "மாமா, சலவைச் சோடாவுக்குக் கடைக்குப் போக வேண்டுமா? நம் பக்கத்தில் உப்புத்தான் கொட்டிக் கிடக்கிறதே! அதைப் போட்டால் மின்சாரம் இன்னும் நன்றாகப் பாயுமே!"

"பாயும், தம்பி. மேட்டூரில் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித்தான் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறார்கள். முதல் உலகப் போரில் வீரர்களின் நுரையீரலைக் கருக்கிய வாயு அந்தக் குளோரின். நம் வீட்டு மாடியில் அது வேண்டுமா?" என்றேன்.

இரும்புக் கம்பிக்குப் பதில் பேட்டரிக் கட்டையின் கரித்தண்டை வைத்தால் அந்த ஆபத்து மிக அதிகம். இரும்பையே வைத்தாலும், கம்பிகள் விரைவில் அரிபட்டுப் போகும். பாகமோ உப்புநீரில் குளித்து வெளியே வரும். எதை விரட்டுவதற்காக இவ்வளவு பாடுபடுகிறோமோ, அதையே விருந்துக்கு அழைத்ததாகாதா? உப்பு கையெட்டும் தூரத்தில் இலவசமாகக் கிடக்கும் எங்களைப் போன்ற ஊர்களுக்கு இந்த எச்சரிக்கை இருமடங்கு தேவை. இதில் ஒரு விந்தையையும் பாருங்கள்: அந்தச் சலவைச் சோடாவும் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் உப்பிலிருந்துதான் செய்யப்படுகிறது!

பளபளப்பும் பலமும்

இவ்வாறு பிரேக் டிரம்கள், ஜாக்கி, கதவின் கீல்கள், அத்தாவின் ஸ்பானர்கள் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட பொருட்களைத் துரு நீக்கி எடுத்தோம். ஒவ்வொன்றாக வெளியே வரும்போது அம்மா வந்து பார்ப்பார்கள். ஒரு ஸ்பானரின் கைப்பிடியில் அத்தா உளியால் பொறித்திருந்த தம் பெயரின் முதலெழுத்து தெரிந்தபோது, அம்மா அதை வாங்கி முந்தானையால் துடைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்கள்.

அதே தொட்டியிலிருந்து முன்சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் தண்டும் வெளிவந்தது. துரு முழுவதும் நீங்கி, கறுத்த நல்ல இரும்பாகத் தெரிந்தது. கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தபோது, ஓரிடத்தில் வரிசையாகக் குழிகள். ஒன்றில் தீக்குச்சியின் முனை இறங்கியது.

"வண்ணம் பூசினால் தெரியாது மாமா. துருதான் போய்விட்டதே, மாட்டிவிடலாம்" என்றான் மருமகன்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா சொன்னார்கள்: "பாத்திரத்தைத் துலக்கினால் பளபளப்பு வரும், ஓட்டை அடைபடுமா? அதில் நாளைக்கு யாரை ஏற்றிப் போகப் போகிறாய்?"

வாசகர்களே, மின்னாற்பகுப்பு துருவை நீக்கும், உப்பை இறக்கும், எஞ்சியிருக்கும் இரும்பைக் காக்கும். ஆனால் துருவாகிப் போன இரும்பை அது திருப்பித் தராது. எனவே ஸ்டியரிங், பிரேக், சக்கர அச்சு ஆகியவற்றைச் சார்ந்த பாகங்களில் குழியோ தேய்வோ கண்டால், அவை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விலக்கிவிடுங்கள். நாங்கள் அந்தத் தண்டை எடைக்குப் போட்டுவிட்டு, சென்னையிலிருந்து புதியதை வரவழைத்தோம். தேறியவற்றையும் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் தட்டிப் பார்த்து, அளந்து, சரி என்று சொன்ன பிறகே பூட்டினோம்.

இன்னும் சொல்லப்போனால், துரு நீக்குவதன் மிகப் பெரிய பயன் இதுவே. துரு, இரும்பின் உண்மை நிலையை மூடி வைக்கிறது. அதை நீக்கினால்தான் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பது தெரிகிறது. நாற்பது பொருட்களைக் காப்பாற்றியது எங்களுக்கு மகிழ்ச்சி. அந்த ஒன்றைக் கண்டுபிடித்தது, அல்ஹம்துலில்லாஹ், அதைவிடப் பெரிய மகிழ்ச்சி.

உங்கள் வீட்டிலும் பரணில் ஒரு பழைய கருவிப் பெட்டியோ, பாட்டியின் தையல் இயந்திரத்துச் சக்கரமோ துருவேறிக் கிடக்கக் கூடும். 'உதவாது' என்று எடைக்குப் போடும் முன் ஒரு நாள் பொறுங்கள். வீண் விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாம், அதைச் செய்து காட்டவும் இது ஒரு வாய்ப்பு. முதலில் சிறிய ஸ்பானர் ஒன்றில் தொடங்குங்கள். திறந்த வெளி, சலவைச் சோடா, சாதாரண இரும்பு, நல்ல நீர் ஆகிய நான்கையும் மனத்தில் வையுங்கள். சமையலறை உப்பு, சமையலறையிலேயே இருக்கட்டும்!